ஜன்னலை நம்பிச் செய்த மேசை

ஹார்லெம் ஊரில் ஆற்றுப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் ஹெஸ்ஸல் டைக்கெமா. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். படகு வரும். ஒரு பார்வை பார்ப்பார். போகும் என்று அவருக்குத் தோன்றினால் பாலம் ஏறும். போகாது என்று தோன்றினால், எப்பேர்ப்பட்ட சீமானின் படகாக இருந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எது எதற்குள் நுழையும் என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர். அவர்தான் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, வெளியே கொண்டுபோகவே முடியாத ஒரு கம்ப்யூட்டர் மேசையைச் செய்தார். செய்ததோடு விடாமல் இருபது வருடம் பெருமையும் அடித்துக்கொண்டார்.

அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. சொல்லலாம்தான், ஆனால் அந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதே முட்டாள்தனத்தைத்தான் செய்திருப்பார்கள். அங்கே பழைய வீட்டுப் படிக்கட்டு என்பது, ஏணிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்து இரண்டு சுவர்களுக்கு நடுவே செருகி வைத்த சமாச்சாரம். கட்டில், அலமாரி, பியானோ எதுவும் அந்த வழியில் போகாது. வீட்டு முகப்பின் உச்சியில் ஒரு கொக்கி இருக்கும். அதில் கயிற்றைப் போட்டு, மாடி ஜன்னலைக் கழற்றி, சாமானை அந்தரத்தில் ஆட்டி ஆட்டி உள்ளே இழுப்பார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் மாடியில் உட்கார்ந்து ஒரு யானையையே செதுக்கினாலும், இது எப்படி வெளியே போகும் என்று யோசிக்க மாட்டான். அதுதான் ஜன்னல் இருக்கிறதே.

மேசை செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு முதுகு.

ஹெஸ்ஸலின் மனைவி வில்மா ஒரு இலையுதிர் காலத்தில் தன் துணிமணியையும் காபி மெஷினையும் எடுத்துக்கொண்டு, அப்பெல்டோர்னில் கேரவன் வைத்திருந்த ஒருவரோடு வாழப் போய்விட்டாள். சண்டை எதுவும் கிடையாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும்; "காத்து மேற்கேயிருந்து அடிக்குது" என்பதே ஹெஸ்ஸலின் கணக்கில் நீண்ட சொற்பொழிவு. காபி மெஷின் போனதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று பாலத்தில் சொல்லித் திரிந்தார். கூட வேலை பார்த்தவர்கள் நம்பியது போல நடித்தார்கள். நல்ல ஜனங்கள்.

மகள் ஃபென்னாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடமும் சிநேகிதிகளும் இங்கேதான் என்று அப்பாவோடு தங்கிவிட்டாள். தங்கினாளே தவிர, வீட்டில் காணக்கிடைத்தது அவள் முதுகு மட்டும்தான். முன்னறை மூலையில், இஸ்திரிப் பலகையைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு பலகையில் கம்ப்யூட்டர் இருந்தது. முகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, முதுகை அப்பாவுக்கு ஒதுக்கியிருந்தாள். ஹெஸ்ஸல் சோபாவில் உட்கார்ந்து அந்த முதுகோடு பேசிப் பார்ப்பார்.

"இன்னிக்கு ஒரு பெரிய படகு வந்துச்சு."

"ம்."

"மணல் ஏத்தின படகு."

"ம்ம்ம்."

முந்தைய தடவையைவிட இது நீளம் என்று அதையும் முன்னேற்றமாக எடுத்துக்கொள்வார், பாவம்.

ஒரு நாள் முதுகே வாயைத் திறந்தது.

"அப்பா, இதை என் ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

"கம்பி எட்டாதும்மா."

அப்போதெல்லாம் இணையம் சுவரிலிருந்து கம்பி வழியாகத்தான் வரும். கம்பி எவ்வளவு தூரமோ, உலகமும் அவ்வளவு தூரம்.

"நீளமா ஒண்ணு வாங்கினா எட்டும்."

"நீளத்துல கடையில இல்லையாம்."

கடையில் இருந்தது. சுவர் முழுக்கச் சுருள் சுருளாகத் தொங்கியது. அத்தனைக்கும் நடுவில் தேடிப் பிடித்து, இருப்பதிலேயே குட்டையான ஒன்றை வாங்கி வந்தவரே ஹெஸ்ஸல்தான். கதவைச் சாத்திக்கொண்டு முதுகும் போய்விட்டால், படகைப் பற்றி அவர் யாரிடம் சொல்வார்? கேரவன்காரரிடமா?

கம்பியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் மேசை செய்ய முடிவெடுத்தார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மேசை. காரணம் கேட்டவர்களிடம், "எனக்கும் கம்ப்யூட்டர்ல நிறைய வேலை இருக்கு" என்றார். பாலத்துக்கு இருந்ததே இரண்டு பட்டன். வீட்டில் என்ன வேலையோ.

பலகை வாங்கியதே ஒரு கூத்து. வேன் வாடகைக்கு எடுப்பது அவர் பரம்பரையில் கிடையாது. தன்னைவிட நீளமான பலகைகளை சைக்கிளில் கட்டி, எதிர்க்காற்றில் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய பாலத்துக்கு வந்து சேரும்போது, கூண்டில் இருந்த சக ஊழியர் பெர்ட்டுஸ் அவரைப் பார்த்துவிட்டார். படகு ஒன்றும் வரவில்லை. ஒரு வாத்து வந்தது. பெர்ட்டுஸ் சிவப்பு விளக்கைப் போட்டு, தடுப்பை இறக்கி, அந்த வாத்துக்காக முழுப் பாலத்தையும் தூக்கினார். பலகை பாய்மரமாகி, ஹெஸ்ஸல் சைக்கிளோடு கரையோரம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.

"யோவ் ஹெஸ்ஸல்! என்ன, கப்பல் கட்டப் போறியா?" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"மேசைடா, மடையா!"

"ஊருக்கே விருந்து வைக்கிற மாதிரி இருக்கே!"

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஆளுயரத்தைத் தாண்டிய நீளம். கை நீட்டினாலும் சுவரைத் தொட முடியாத அகலம், ஏனென்றால் அன்றைய திரைகளுக்குப் பின்னால் ரொட்டி அடுப்பு மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு இடம் விட வேண்டும். திருகாணிகளை ஹெஸ்ஸல் என்றைக்கும் நம்பியதில்லை. ஆகவே திருகாணி போட்டார், அதன் மேல் பசை போட்டார், பசையின் மேல் சந்தேகம் வந்து இன்னொரு கட்டை வைத்து மறுபடி திருகாணி போட்டார். வெள்ளம் வந்து ஊர் போனாலும் மேசை நிற்கும்.

ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து தன் பக்கத்தில் வைத்து, மகளுக்கு அருகில் உட்கார்ந்தார். முதல் நாள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் போராடினார். கடைசியில் ஃபென்னா திரும்பாமலே சொன்னாள்.

"அப்பா, மவுஸைத் தலைகீழாப் பிடிச்சிருக்க."

"தெரியும். சோதிச்சுப் பார்க்கறேன்."

அன்றிலிருந்து தினமும் அலுவல்தான். அதாவது திரையில் தனியாகச் சீட்டாட்டம். ஆனால் முதுகு போய், பக்கவாட்டில் பாதி முகம் கிடைத்தது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராத இரண்டு பேருக்கு, ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் என்னமோ பேச்சு வந்தது. பிரெஞ்சில் தோற்றதை அவள் அங்கேதான் சொன்னாள். அம்மாவின் போனை எடுக்கப் பிடிக்கவில்லை என்று அங்கேதான் சொன்னாள். அவர் சீட்டை நகர்த்திக்கொண்டே, "எடு. எடுத்துக் காத்தைப் பத்திப் பேசு, போதும்" என்றார். ஒரு தடவை அவள் சத்தமில்லாமல் அழுதபோது, அவர் எழுந்து போய், வெண்ணெய் தடவி சாக்லேட் தூவிய ரொட்டியை அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி சீட்டாட உட்கார்ந்துவிட்டார். வீரதீரச் செயல் என்றால் அவர் அளவில் அதுதான்.

ஊருக்கு மட்டும் மேசை பிடிக்கவில்லை. ஃபென்னாவின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து, "உன் மருமகளுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்", "உன் தம்பி மகளுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்" என்று சுற்றி வர வேண்டும். மேசை நின்றதில் வட்டம் வட்டமாகவில்லை, குதிரை லாடமாகிவிட்டது. ஹெஸ்ஸலின் அக்கா ஆல்ட்யா லாடத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, கேக் தட்டை மடியில் வைத்தபடி முறைத்தாள்.

"ஏண்டா, இதை வச்சுக்கிட்டு நாங்க எங்கடா உட்கார்றது?"

"அக்கா, மேசை மேல ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும்."

"கொழுப்புடா உனக்கு."

வருடங்கள் போயின. ஃபென்னா உட்ரெக்டுக்குப் போய், நாடக மேடைகளுக்குத் தட்டியும் படிக்கட்டும் அடித்துக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவள் வருவதற்கு முன்னால் ஹெஸ்ஸல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கி வைப்பார். "பிரிண்டர் மறுபடி மக்கர் பண்ணுதும்மா" என்பார். அவள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, வயரைச் செருகுவாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானம் முழுக்க ஆகும்.

இதற்கு நடுவில் ஒரு வசந்த காலத்தில், அந்த வீட்டை வாடகைக்கு விட்ட சங்கத்தின் ஆட்கள் வந்து, குளிர் புகாத புது ஜன்னல் போடுகிறோம் என்றார்கள். ஹெஸ்ஸல் தலையாட்டினார். அருமையான ஜன்னல். ஒரே பெரிய கண்ணாடி, மூன்று அடுக்கு, சட்டத்தோடு ஒட்டியது. மேலே மட்டும் காற்றுக்கு ஒரு சின்னத் திறப்பு. வீடு கதகதப்பாக இருக்கிறது என்று பார்த்தவரிடமெல்லாம் புகழ்ந்தார். அந்தக் கண்ணாடி வழியாக வருடக்கணக்கில் தெருவைப் பார்த்தார். கண்ணாடியை மட்டும் பார்க்கவில்லை.

பிறகு அவருடைய இடுப்பு எலும்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதில் பிடுங்கிச் செருக வயர் எதுவும் இல்லை. டாக்டர் அறுத்துத் தைத்துவிட்டு, இனியும் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அடுத்து நான் பார்க்க மாட்டேன், பாதிரியார்தான் பார்ப்பார் என்றார். தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஹெஸ்ஸல் முதல் வேலையாகப் போய் அதன் சுவரை அளந்தார். மேசை நீளவாக்கில் அச்சு அசலாகப் பொருந்தும். அதன் பிறகு அந்த வீட்டில் குளியலறை இருக்கிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை.

காலி செய்யும் நாள் பெர்ட்டுஸ் கயிறும் கப்பியுமாக வந்து இறங்கினார். கொக்கியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி கொக்கியைப் பார்த்தார்.

"யோவ் ஹெஸ்ஸல், ஜன்னலைத் திறய்யா!"

"திறந்துதானே இருக்கு!" என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

"நான் ஜன்னலைக் கேட்டேன். நீ காட்டுறது புறா வந்து போற ஓட்டை."

அப்போதுதான் ஹெஸ்ஸல் கண்ணாடியைப் பார்த்தார். சட்டத்தைத் தடவினார். மேலே, கீழே, ஓரத்தில். கீல் இல்லை, தாழ் இல்லை. கீழே பெர்ட்டுஸ் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. சங்கத்துக்குப் போன் போட்டால், சாவியைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், கண்ணாடியைத் தொடக் கூடாது, வீடு துடைத்த மாதிரி காலியாக இருக்க வேண்டும் என்றார்கள்.

ஃபென்னா ரயிலில் வந்து சேர்ந்தாள். முதுகுப் பையில் கட்டிங் மெஷின். மேசையைச் சுற்றி வந்தாள், கீழே படுத்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுல எவ்வளவு பசை ஊத்தின?"

"தேவையான அளவு."

"நாங்க எதைச் செஞ்சாலும், பிரிச்சு லாரியில ஏத்துற மாதிரிதான் செய்வோம். இதைப் பிரிக்கவே முடியாது போல."

"பிரியக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார் ஹெஸ்ஸல். சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகப் போய், இல்லாத தூசியைத் துடைத்தார்.

ஃபென்னா பென்சிலை எடுத்து மேசையின் நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். சரியாக இரண்டு இருக்கைக்கும் நடுவில். "ரெண்டாக்கிடலாம். ஒண்ணை நீ வச்சுக்கோ. இன்னொண்ணு குப்பைக்கு."

ஹெஸ்ஸல் அந்தக் கோட்டையே பார்த்தார். ஒற்றை ஆள் மேசை ஒன்றைப் புது வீட்டில் போட்டால், மகள் வந்து எங்கே உட்காருவாள்? சோபாவில் உட்காருவாள். எதிரெதிரே. காபி குடிப்பார்கள். காற்றைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு அவளுக்கு ரயிலுக்கு நேரமாகும். அதன் பிறகு வருவதே குறையும். இதையெல்லாம் சொல்லத் தெரியாததால், தைத்த இடுப்போடு மேசை மேல் ஏறிக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிப்பா."

"மாட்டேன்."

"அப்பா, பாலத்துல படகுக்காரன் இப்படிப் பண்ணா நீ என்ன செய்வ?"

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. வந்து சேர்றதுக்குள்ள திங்கக்கிழமை ஆயிடும்."

ஃபென்னா மெஷினைக் கீழே வைத்துவிட்டு, அவளும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசை அசையவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் குட்டைக் கம்பி இருந்துச்சே."

ஹெஸ்ஸல் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எந்தக் கம்பி?"

"நடிக்காதப்பா. நீ இல்லைன்னு சொன்ன அதே வாரம் அதே கடைக்கு நானும் போனேன். சுவர் முழுக்கத் தொங்குது. என் ரூம் வரைக்கும் போய்த் திரும்பி வர்ற நீளத்துல ஒண்ணு வாங்கினேன்."

"வாங்கினியா?"

"வாங்கிக் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் போடல?"

ஃபென்னா கால்களை ஆட்டினாள். "நீ சைக்கிள்ல அந்தப் பலகையைக் கட்டிக்கிட்டு காத்துல அல்லாடி வந்து நின்னியா. பார்க்கவே கண்றாவியா இருந்துச்சு. சரி, பொழைச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஹெஸ்ஸலுக்கு எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நல்லவேளையாகக் கீழேயிருந்து பெர்ட்டுஸ் கத்தினார். "அப்பனும் மகளும் என்னய்யா, முட்டையிடுறீங்களா? வேனுக்கு மணி ஓடுது!"

ஹெஸ்ஸல் இறங்கினார். மாடி வாசலில் போய் நின்று, செங்குத்தாக இறங்கும் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி மேசையைப் பார்த்தார். கூண்டுக்குள் இருந்து பார்க்கிற அதே பார்வை. இருபது வருடம் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது.

"நீளம் பிரச்சினையே இல்ல" என்றார். "கதவுக்கு நேரா படி. நீளமான படகு எந்தப் பாலத்துலயும் போகும். அகலம்தான் வம்பு. எதுக்கு இதுக்கு இவ்வளவு அகலம்?"

"நீதான செஞ்ச?"

"திரைக்குப் பின்னால புடைப்பு இருந்துச்சு. அதுக்குத்தான்."

ஃபென்னா சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இன்றைய திரையைப் பார்த்தாள். பிஸ்கட் கனம். அவள் தன் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு, மேசையின் நெடுக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் புதுக்கோடு போட்டாள்.

அறுக்கும்போது வந்த சத்தத்தைக் கேட்டு மூன்று வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஒரு பிளேடு திருகாணியில் பட்டு உடைந்தது. இரண்டாவது பிளேடு பசையில் சிக்கிப் புகைந்தது. "இது மேசை இல்லப்பா, பதுங்குகுழி" என்று ஃபென்னா திட்டினாள். கடைசியில் ஒல்லியாகி, முன்கால் இரண்டோடு மிஞ்சிய மேசையை, கீழே பெர்ட்டுஸும் மேலே அவளுமாகப் படியில் இறக்கினார்கள். ஹெஸ்ஸல் மேலே நின்று கையசைத்துப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சுவர்ப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு மேசை வெளியே வந்தது.

பெர்ட்டுஸ் வேனைக் கொண்டுவரப் போனார். நடைபாதையிலேயே ஃபென்னா பின்கால்கள் இரண்டையும் புது இடத்தில் போல்ட் போட்டு முடுக்கினாள். ஏற்றக் காத்திருந்த சாமான்களிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"உட்காரு. ஆடுதான்னு பார்ப்போம்."

ஹெஸ்ஸல் மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். மேசை ஆடவில்லை. ஆனால் பார்ப்பதற்கு எதிரில் திரை இல்லை. எதிர் வீட்டுத் திறந்த ஜன்னலுக்குள் ஒரு ஆள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவரை எவ்வளவு நேரம் பார்ப்பது? நகர்த்த ஒரு சீட்டும் இல்லாமல் ஹெஸ்ஸலின் கைகள் பலகை மேல் சும்மா கிடந்தன.

"காத்து..." என்று ஆரம்பித்தார்.

"மேற்கேயிருந்து அடிக்குது. தெரியும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வாயேன்."

"ஏன், என்ன ரிப்பேர்?"

"ஒண்ணும் ரிப்பேர் இல்ல." அவர் காது சிவந்துவிட்டது. "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. சும்மா வா."

ஃபென்னா போனை எடுத்து நாட்காட்டியைத் திறந்தாள். பெற்ற அப்பாவாக இருந்தாலும் முன்கூட்டியே நாள் குறிக்காமல் அந்த நாட்டில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஹெஸ்ஸல் உருளைக்கிழங்குக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஞாயிறு ஒரு நாடகம் இருக்கு. அடுத்த ஞாயிறு பதினொண்ணுக்கு, காபி. சரியா?"

"சரி."

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு போட்டுடறேன். முடியற தேதி கேக்குது." அவள் ஒரு கணம் யோசித்தாள். "முடியற தேதி இல்லைன்னு போட்டுட்டேன்."

ஹெஸ்ஸல் பலகையின் அறுத்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். சொரசொரவென்று இருந்தது. உப்புத்தாள் போட வேண்டும்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருப்பியா?"

"பேராசைப்படாதப்பா" என்றாள் ஃபென்னா.